பூனைக்குத் தொப்புள் தேடியவன்

கார்த்திகை 9, செவ்வாய்

தஞ்சாவூர் மாட்டாஸ்பத்திரியில் இன்று மாட்டுக்காரர்கள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நீர்க்கடுப்பு என்று நினைத்து, காலையில் எங்கள் பூனைக்குத் தொப்புளைத் தேடி விளக்கெண்ணெய் தடவியிருந்தேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

"மூத்திரம் அடைச்சிருக்குங்க. கடுவன் பூனைக்கு இது வந்தா உயிரே போயிடும். எப்பலேர்ந்து முக்குது?"

"காலையிலேர்ந்துதாங்க."

"நேத்தே முக்குச்சுப்பா," என்றாள் கூட வந்திருந்த என் மகள். "உங்ககிட்ட சொன்னா எண்ணெயத் தூக்கிட்டு வருவீங்கன்னுதான் சொல்லல."

குழாய் விட்டு எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டது. திரும்பும் பஸ்ஸில் பூனையை என் மடியில் வைத்துக்கொண்டேன். நான் பெற்ற பெண்ணே என்னிடம் மறைத்துவிட்டாள். நேற்றே சொல்லியிருந்தால் நேற்றே தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேனே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நேற்றும் எண்ணெய்தான் தடவியிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும்.