தீவில் ஆள் இருக்கிறது

மார்ச் 4, இரவு

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அத்தைக்குக்கூட வேண்டாம். போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன்.

தீவு எந்த நாட்டுக்குச் சொந்தம் என்ற சண்டை தீரும்வரை நம் ஆட்கள் இங்கே குடியிருக்க வேண்டும், இரண்டே மாதம்தான் என்று எங்களை அனுப்பியது நீங்கள்தானே? ஒரு வருடமாகப் போகிறது. மற்ற குடும்பங்கள் போய்விட்டன. டீச்சரும் போய்விட்டார். உங்கள் அலுவலக உத்தரவுப்படி காலி வீடுகளின் கொடியிலும் நான்தான் துணி காயப்போடுகிறேன். தீவுக்குச் சண்டை போடும் அந்த நாட்டு ரோந்துப் படகு பார்த்துக் கணக்கெடுக்குமாம். "துவைக்காமலே காயப்போடுற குடும்பம் நாமதான்டி" என்று அம்மா சிரிக்கிறாள்.

அம்மாவுக்கு நிறைமாதம். கால் வீங்கியிருக்கிறது. அடுத்த சரக்குப் படகில் மூட்டைகளுக்கு நடுவே அம்மாவை ஏற்றிவிடப் போகிறார் அப்பா. "உன் தம்பிகிட்ட மூச்சு விட்டுடாத" என்று அம்மாவிடம் சொன்னார். எனக்குப் பயமாக இருக்கிறது, அதனால்தான் சொல்கிறேன். துறைமுகத்துக்கு வண்டியோடு வந்துவிடுங்கள்.

உங்கள் வாலு

மார்ச் 15

என் செல்ல வாலுவுக்கு,

மாமாவின் ஆசிகள். உன் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. தப்பாக நினைக்காதே, மேலதிகாரியிடம் காட்ட வேண்டியதாகிவிட்டது. நீங்களும் வந்துவிட்டால் ஆளில்லாத தீவு என்று அவர்கள் கொடி நட்டுவிடுவார்கள். இனி சரக்குப் படகு கரையைத் தொடாது, சாமான்கள் மிதவையில் வரும்.

குழந்தை அங்கேயே பிறப்பதுதான் நல்லது. அந்த மண்ணில் பிறந்த பிள்ளை இருக்கும்போது யார் என்ன பேச முடியும்? அமைச்சரே பெயர் வைக்கிறாராம். எனக்கும் பதவி உயர்வு வரும்போலிருக்கிறது. அக்காவைத் தைரியமாக இருக்கச் சொல்.

அன்புடன்,
மாமா

மார்ச் 22, இரவு

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்த அப்பா என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. அம்மா மட்டும் கேட்டாள், "என் தம்பியா எழுதினான்? நல்லா பாரு, அவன் எழுத்துதானா?"

மாலையிலிருந்து அம்மாவுக்கு வலி. ரத்தம் நிற்கவே இல்லை. வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் உங்கள் அலுவலகம் விடியும்வரை பொறுக்கச் சொல்கிறது. அப்பா அம்மாவின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். வெந்நீர் கொதிக்கும்வரை சமையலறையில் இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்குத் தெரியாமல் நான் பாறைமேல் ஏறி, அந்த நாட்டு ரோந்துப் படகைப் பார்த்து விளக்கை ஆட்டினேன். அதில் மருத்துவர் இருப்பாராம். படகு இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. இதற்குப் பெயர் துரோகம் என்றால் இருக்கட்டும். அவர்கள் தீவைக் கேட்டால் எடுத்துக்கொள்ளச் சொல்வேன் மாமா. அம்மாவை மட்டும்

கதவைத் தட்டுகிறார்கள். எனக்குப் புரியாத பாஷையில் யாரோ