உரத்துக் கதையுங்கோ

இஞ்சாருங்கோ,

சோறும் மீன்குழம்பும் அடுப்பில் இருக்கின்றன. பிள்ளைக்கு உறைப்பில்லாமல் பருப்பு தனியாக வைத்திருக்கிறேன்.

நேற்று ஜெனோ சட்டிமூடியைத் தட்டினாள் என்று ஏசிவிட்டு வேலைக்குப் போய்விட்டீர்கள். அதனால் இதைச் சொல்ல முடியவில்லை. இரண்டரை வயதாகியும் அவள் கதைக்கவில்லையே என்று தாதியிடம் கூட்டிப் போனேன். காது நன்றாகக் கேட்கிறதாம். கூட வந்த பாண்டிச்சேரி மரி-லூயிஸ் அக்கா, தாதி பிரெஞ்சில் கேட்டதைத் தமிழில் சொன்னார்: "வீட்ல கொழந்தகிட்ட யாரு பேசுறீங்கன்னு கேக்குறாங்கம்மா."

நீங்கள் இந்தப் பாரிஸில் இரவெல்லாம் ரூ காய் தெருச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவுகிறீர்கள், பகலில் நித்திரை. இருப்பது ஒரே அறை. "உஷ், அப்பா படுக்கிறார்" என்று சொல்லியே நான் அவளை வளர்த்துவிட்டேன். பூங்காவில்கூடச் சத்தமில்லாமல்தான் விளையாடுகிறாள். நானும் யாரோடு கதைக்கிறேன்?

இப்போது திரும்பவும் நித்திரையாகி உங்களுக்குப் பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். எழும்பியதும் அவளோடு எதையாவது உரத்துக் கதையுங்கோ. மூடியைத் தட்டினால் தட்டட்டும். நான் சென் தெனியில் வேலை முடித்துப் பின்னேரம் வருவேன்.

பேர்ளி

இதையும் சொல்ல வேண்டும். காலையில் அவளுக்குக் கொஞ்சம் உரத்துப் பாடிப் பார்த்தேன். அவள் பயந்துபோய், நித்திரையாயிருந்த உங்களைப் பார்த்தாள். பிறகு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.