இல்லை என்று சொல்லாத கடை

வியாழன், இரவு.

போன வாரம் தேக்கா வட்டாரத்தில் இருக்கும் என் பாருக்கு வந்த புது ஆள் கேட்ட பாட்டு கரோக்கே பெட்டியில் இல்லை. "நம்ம கடையில இல்லைங்கிற பேச்சே கிடையாதுண்ணே" என்று பெருமையடித்து, இணையத்திலிருந்து இரண்டே நிமிடத்தில் இறக்கிக் கொடுத்தேன். அருமையாகப் பாடினார். முதலில் கைதட்டியதும் நான்தான்.

இன்று வக்கீல் கடிதம் வந்தது. அந்த ஆள் பாட்டு உரிமம் கொடுக்கும் நிறுவனத்திலிருந்து வந்தவராம். அனுமதி இல்லாமல் இறக்கியதற்கு அவர் பாடியதே சாட்சி.

கரோக்கே பார்த்துக்கொள்ளும் செல்வி, "பாதிப் பாட்டு அப்படி இறக்கினதுதானே பாஸ்? அழிச்சா வெள்ளிக்கிழமைக்கு ஒருத்தனும் வரமாட்டான் லா" என்றாள்.

"அழிக்காட்டி கடையே இருக்காது, செல்வி."

அழித்துவிட்டோம். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நம்பித்தான் கடையே ஓடுகிறது. நாளை வெள்ளி. மைக்கைப் பிடித்துக்கொண்டு கேட்பவர்களிடம் எல்லாம் இல்லை, இல்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கப் போகிறேன்.