பழைய ஃபிளாப்பியில் புது எழுத்து

பூனா
20-7-88

அன்புள்ள பாவாவுக்கு, கோமளவல்லி வணக்கம். நான் நல்லா இருக்கேன். அத்தைக்கு மூட்டுவலி தேவலையா? நம்ம குழந்தைக்கு சளி விட்டுதா?

ஆடிக் கிருத்திகைக்கு வர முடியல. அரக்கோணம் டிக்கெட்டை ரத்து பண்ணிட்டேன். பெரிசா ஒண்ணுமில்ல. ஆபீசுக்குப் புது கம்ப்யூட்டர் வந்திருக்குது. பழைய கம்ப்யூட்டர்ல பதிஞ்ச ஃபிளாப்பியையே அதுல போட்டு, பழசு மேலயே மூணு மாச வேலையைப் பதிஞ்சு கிளை ஆபீசுக்கு அனுப்பிட்டேன். அங்க இருக்கறது பழைய மிஷின். புதுசு மெல்லிசா எழுதுமாம், ஓரத்துல பழசு அழியாம நிக்குமாம். பழைய மிஷின் ரெண்டையும் சேர்த்துப் படிச்சு குழம்பிடுதாம். ஃபிளாப்பி கெட்டுப்போச்சுன்னு அங்கயே மொத்தமா அழிச்சிட்டாங்க. நான் காப்பி எடுத்து வைக்கல. எல்லாத்தையும் மறுபடி அடிச்சுகினு இருக்கேன், லீவு இல்லன்னுட்டாங்க.

மொட்டையைத் தள்ளிப் போடாதீங்க. என் தம்பி ஆனந்தன் மடியில உக்கார வைங்க. முடி இறக்கறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. கூடவே திருத்தணி மலைச் சந்தனம் கொஞ்சம்.

குழந்தை உங்க அக்காவை அம்மான்னு கூப்பிடறதா எழுதியிருந்தீங்க. என் போட்டோவைக் காட்டித் திருத்திகினு இருக்காதீங்க பாவா. குழம்பிடுவான்.

தபால் எடுக்க ஆள் வந்து நிக்கறார்.

கோமளா