முட்டை ஓட்டில் வெட்டிய சன்னல்

புதுச்சேரி,
ஆகஸ்டு 1959

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று உங்கள் பிரெஞ்சு உரையைக் கடைசி வரிசையில் இருந்து கேட்டேன். முட்டை ஓட்டில் சன்னல் வெட்டி, கருவைச் சுற்றிய சவ்வில் புற்றுத் துணுக்கை வைத்து, அதை நோக்கி ரத்தக் குழாய்கள் வளர்வதைப் பல நாள் பார்க்கும் வழியை "நூ" கண்டோம் என்றீர்கள். பிரெஞ்சில் நாம், நாங்கள் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். நான் ஒவ்வொரு முறையும் "நாம்" என்றே கேட்டு மகிழ்ந்தேன். இங்கே நம் ஆய்வுக்கூடத்தில் முட்டை ஓட்டை வெட்டியது என் கை அல்லவா? கரு சாகாமல் வெட்டப் பழகவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

பிறகு நர்ஸ் ரஞ்சிதம் எழுந்து, "தமிழ்ல சொல்லுங்க டாக்டர், யாரு கண்டுபுடிச்சது? கோழியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்துவிட்டு, "பாரிஸ்ல நாங்கதான். எங்க புரொஃபசரும் நானும்" என்றீர்கள். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னீர்கள்.

பாரிஸிலிருந்து நீங்கள் எனக்குப் பிரெஞ்சில் எழுதிய கடிதங்களில், கல்யாணத்தைப் பற்றிய வரிகளிலும் அந்த "நூ"தான் இருக்கிறது. இனி அவற்றை எப்படிப் படிப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைப் பார்க்க வர வேண்டாம். பதில் எழுதுவதானால் தமிழில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
நான்