ஆறு ஏசியும் ஒரே நொடியில்

2005 மே 14, மதியம் 2.40. ஏசிகள் ஆறு. நடந்ததைச் சொல்லுமுன் நலம் கேட்கிறேன், நைனா. முழங்கால் வலி குறைந்ததா? அம்மா, தங்கச்சி பத்மினி சுகமா? நான் சுகம். வேலையும் போகவில்லை.

அன்று ஹைதராபாத் வெயிலில் எங்கள் டேட்டா சென்டரில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் ஆறு ஏசியும் ஒரே நொடியில் கிளம்பின. சுமை தாங்காமல் அது நின்றுவிட்டது. அறை சூடேறி, கம்ப்யூட்டர்கள் எல்லாம் அணைந்தன. ஏசிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும்படி அமைக்க வேண்டியவன் நான். அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பொங்கலுக்கு நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்ததும் இப்படித்தான். கரண்ட் வந்ததும் எல்லார் கிணற்று மோட்டாரும் ஆட்டோ ஸ்டார்ட்டரில் தானாகவே ஒன்றாய்க் கிளம்பின. பக்கத்து நிலத்து முனிகிருஷ்ணன் மாமாவை ஊர் முன்னால் கேட்டேன்: "தொட்டியில மாடுகூட முறை வச்சுக் குடிக்குது, உனக்குத் தெர்லயா மாமா?"

"படிச்ச புள்ள சொல்லிக்கினு கீது, கேட்டுக்கறேன்" என்று துண்டை உதறிக்கொண்டு போனார். அப்புறம் நம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

மேனேஜர் எங்கள் எல்லாரையும் தெலுங்கில் திட்டியது உறைக்கவில்லை. நான் மாட்டைச் சொன்னதுதான் உறைக்கிறது.

பத்மினியை ஞாயிற்றுக்கிழமை போன் செய்யச் சொல்லுங்கள், திட்டினாலும் சரி. தமிழ் கேட்டு நாளாகிறது. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. இனி செய்யப்போவது:

1. ஏசிகளை ஒரு நிமிட இடைவெளியில் கிளம்ப வைப்பேன்.
2. தவறு என்னுடையது என்று மேனேஜரிடம் சொல்வேன். இன்னும் சொல்லவில்லை.
3. லீவு கிடைத்ததும் ஊருக்கு வந்து, பங்காருபாளையத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, முதலில் மாமா வீட்டுக்குப் போவேன். எனக்காக நீங்கள் முன்கூட்டிப் பேசிவைக்க வேண்டாம்.

சந்திரசேகர்