தண்ணீர் இல்லாத தண்ணீர்ப் படம்

இன்று காலை உன் மனைவி ரயில் பார்சலில் அனுப்பிய பொட்டலம் விழுப்புரம் வந்து சேர்ந்தது. பிரித்ததும் பழைய கஞ்சிப் பசை வாசனை. மேலே இருந்த அட்டையின் ஓரத்தைக் கரப்பான் அரித்திருக்கிறது. முன்பக்கம் நான் எடுத்த படம். பின்பக்கம் ஆறு பேருடைய கையெழுத்து. அதில் நீ எழுதியது மட்டும் அடிக்கப்பட்டு, கீழே வேறு ஒன்று எழுதப்பட்டிருக்கிறது. லோகோ ஷெட்டுக்குப் போகிற நேரம் தாண்டியும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் எழுதுகிறேன். நீ போன பிறகு ஊரில் அதை வேறு மாதிரி சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். "வாத்தியாரு தங்கமான ஆளு, அந்த ஃபிட்டர்தான் கூட சுத்திக்கினு கெடுத்துட்டான்" என்கிறார்கள். உன்னை யாரும் கெடுக்கவில்லை. நீயாக யோசித்து, நீயாகச் செய்தாய். அதை உன்னிடமிருந்து பிடுங்க நான் விடமாட்டேன்.

யுத்தத்துக்கு முந்தைய வருஷங்கள் அவை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலுமாகக் கேமரா வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் நாம் ஏழு பேர். நீ திண்டிவனத்தில் பள்ளிக்கூட வாத்தியார். நான் விழுப்புரம் ரயில்வே லோகோ ஷெட்டில் ஃபிட்டர், ஓர் ஆங்கிலோ-இந்திய எஞ்சின் டிரைவரிடம் வாங்கிய பழைய பெட்டிக் கேமராவோடு வந்து சேர்ந்தவன். மாதம் ஒரு தலைப்பு. ஆளுக்கொரு படம் எடுத்து அட்டையில் ஒட்டவேண்டும். அட்டைகள் ஒரு துணிப்பையில், பாசஞ்சர் வண்டியில், ஒருவர் மாற்றி ஒருவரிடம் போகும். ஒவ்வொருவரும் மற்றவர் படத்தின் பின்னால் அபிப்பிராயம் எழுதவேண்டும். மாதக் கடைசி ஞாயிறு வக்கீல் வீட்டு மாடியில் கூட்டம். வக்கீல்தான் தலைவர். என் கிறிஸ்துவப் பெயரைக் கடிதத்தில் பார்த்துப் பெரிய இடத்துப் பிள்ளை என்று நினைத்துச் சேர்த்துக்கொண்டார். நேரில் பார்த்து, எந்தத் தெரு என்று விசாரித்த பிறகு, என் ஸ்டூல் வாசல் பக்கம் நகர்ந்தது. அடுத்த கூட்டத்தில் நீ உன் நாற்காலியைத் தூக்கிவந்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டாய். வேகவைத்த மல்லாட்டைக் கடலையை என் பக்கம் தள்ளினாய், அவ்வளவுதான்.

மற்றவர்கள் பின்பக்கத்தில் "பேஷ்", "ரம்மியம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார்கள். நீ அப்படி இல்லை. என் முதல் படம் ஷெட்டில் நின்ற எஞ்சின். நீ எழுதினாய்: "எஞ்சின் நன்றாக விழுந்திருக்கிறது. அதைத் துடைக்கிறவருடைய தலையை ஏன் வெட்டினீர்கள்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் எடுத்துப் பார்த்தேன். தலை இல்லைதான். துடைத்தவன் என்னோடு தினமும் சோறு தின்கிறவன். அவனுக்குத் தலை இருந்ததே எடுக்கும்போது என் கண்ணில் படவில்லை. பதிலுக்கு உன் மாந்தோப்புப் படத்தில் நான் எழுதினேன்: "வேட்டியில் சேறு படாத தூரத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள்." அடுத்த கூட்டத்துக்கு நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "நாலு வருஷமா படம் எடுக்கறேன். ஒருத்தனும் இத சொல்லலப்பா. இனிமே நீ, நான்னே பேசிக்கலாம்" என்றாய்.

அப்புறம் அந்த மாதத் தலைப்பு வந்தது: தண்ணீர்.

விக்கிரவாண்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில் என் அத்தை இருந்தாள். அவள் காலையில் குடத்தோடு போய்க் கிணற்றுமேட்டுக்குக் கீழே நிற்பாள். கிணற்றுமேட்டில் ஏற அவளுக்கு அனுமதி இல்லை. நில உடைமைக்காரர் வீட்டிலிருந்து யாராவது வந்து, இறைத்து, மேலிருந்து ஊற்றவேண்டும். சில நாள் வெயில் உச்சிக்கு வந்துவிடும். அதைத்தான் எடுத்தேன். அத்தையின் முகம் மேலே பார்க்கிறது. படத்தின் ஓரத்திலிருந்து ஒரு கை மட்டும் வருகிறது. முறுக்கு வைத்த வெள்ளிக் காப்பு. குடம் சாய்ந்திருக்கிறது. தண்ணீர் இன்னும் விழவில்லை.

பை சுற்றித் திரும்பி வந்தது. "தலைப்புக்குப் பொருந்தவில்லை" என்று ஒருவர். "தண்ணீரைக் காணோம்" என்று இன்னொருவர். நான் தேடியது உன் எழுத்தை. "ஓரத்தில் கை உறுத்துகிறது. அதை வெட்டிவிட்டால் படம் சீராகும்" என்று எழுதியிருந்தாய். எனக்குப் புரியவில்லை. நீயா இப்படி?

கூட்டத்தில் வக்கீல் அட்டையை எடுத்துக் காட்டினார். அடுத்த வாரம் வாசகசாலை ஆண்டுவிழா, தாசில்தார் வருகிறார், ஏழு படத்தையும் சுவரில் மாட்டுவதாக ஏற்பாடு.

"இதுல தண்ணி எங்கப்பா இருக்குது?" என்றார்.

"இல்லீங்க. அதாங்க படம்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் விடவில்லை. "கைய வெட்டிட்டு குடு. ‘காத்திருக்கும் மாது’ன்னு பேரு வெச்சி மாட்டிக்கலாம். வாத்தியாரும் அதைத்தான எழுதியிருக்காரு?"

நான் உன்னைப் பார்த்துக் கேட்டேன். "தலைய ஏன் வெட்டினேன்னு கேட்ட ஆளு, இப்ப கைய வெட்டுன்றியே. ஏன்?"

நீ எழுந்தாய்.

"அது எங்க அம்மா கை" என்றாய். "அது எங்க ஊரு. எங்க கெணறு. காப்பப் பாத்ததும் தெரிஞ்சிபோச்சி. வெக்கமா இருந்தது. அதான் வெட்டச் சொன்னேன். எழுதுனது தப்பு."

அட்டையை வாங்கி, எழுதியதை அடித்தாய். கீழே எழுதினாய்: "கை இருக்கட்டும். கைதான் படம்." உன் அப்பா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சேர்த்து முழுக் கையெழுத்துப் போட்டாய். வக்கீல், "அப்பிடின்னா இது மட்டும் சுவத்துல ஏறாது" என்று கூட்டத்தை முடித்துவிட்டார்.

விழா அன்று சுவரில் ஆறு படம். நடுவில் உன்னுடைய தாமரைக்குளம். தாசில்தார் வந்து நின்றதும் நீ போய் அதைக் கழற்றினாய். அந்த ஆணியில் என் அட்டையை மாட்டினாய். வக்கீல் பதறி ஓடிவந்தார். "இன்னா சார் இது பேஜாரு?"

"அந்த ஆணி எனக்கு ஒதுக்குனது. அதுல எது தொங்கணும்னு நான் சொல்றேன்" என்றாய்.

நாற்காலி சுமந்துவந்த ஆட்கள்தான் முதலில் நெருங்கிப் பார்த்தார்கள். "இது எந்த ஊரு கெணறுங்க?" என்று ஒருவர் கேட்டார். அவருக்குப் பின்னால் நின்ற அம்மாள், "எந்த ஊர்ல இப்பிடி இல்ல?" என்றார். தாசில்தார் அடுத்த படத்துக்குப் போனார். அன்றோடு நம் கூட்டம் கலைந்தது. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் ஒரு வாரம்கூட நிற்கவில்லை. செய்தி உன் ஊருக்குப் போயிற்று. "என் கையப் போயி படம் புடிச்சானா?" என்று உன் அம்மா அழுதிருக்கிறார். அன்றிலிருந்து யாரும் வந்து ஊற்றவில்லை. நான் அத்தையிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். உற்றுப் பார்த்தாள். "மூஞ்சி நல்லா உளுந்துகிது. ஆனா மூணு நாளா தண்ணி இல்லடா" என்றாள். என் வாழ்நாளில் கேட்ட அபிப்பிராயங்களில் அதைவிடக் கடுமையானது இல்லை.

ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ பள்ளிக்கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு என்னோடு கிளம்பினாய். கிணற்றுமேட்டில் ஏறி நீயே இறைத்தாய். மேலிருந்து ஊற்றவில்லை. குடத்தோடு கீழே இறங்கி, அத்தைக்குப் பக்கத்தில் நின்று ஊற்றினாய். உன் அண்ணன் வந்து கயிற்றை அறுத்தார். விக்கிரவாண்டிக்கு நடந்துபோய்ப் புதுக் கயிறு வாங்கிவந்தாய். அதையும் அறுத்தார். மூன்றாவது கயிறு கட்டும்போது, "இனிமே வூட்டுப் படி ஏறாத" என்று கத்திவிட்டுப் போனார். நீ கயிறு உராய்ந்த கைப்புண்ணில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறைத்துக்கொண்டே இருந்தாய்.

அதை நான் படம் எடுத்தேன். அச்சுப் போட்டு, பெருமையோடு உனக்கு அனுப்பினேன். நீ பின்னால் எழுதித் திருப்பி அனுப்பினாய்: "என்னை நடுவில் நிறுத்தியிருக்கிறாய். தப்பு. உன் அத்தையும் மற்றவர்களும் அவர்கள் பாட்டுக்கு இறைக்கும்போது எடு. நான் அதில் இருக்கவேண்டாம்."

கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கேமராவைத் தொடவில்லை. மறு வாரம் போனபோது அத்தை மேட்டில் ஏறி நின்று நீ கட்டிய கயிற்றைத் தானே இழுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் நாலு பெண்கள். எடுத்தேன். அதன் பின்னால் நீ ஒன்றும் எழுதவில்லை. அதைத்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினாய்.

ஜெயித்துவிட்டோம் என்று பொய் சொல்லமாட்டேன். இன்றும் அந்தக் கிணற்றில் ஒரு பக்கம்தான் எங்களவர்கள் இறைக்கிறார்கள். ஆனால் ஒரு பக்கம் இறைக்கிறார்கள்.

யுத்தம் வந்தது. பிலிம் கிடைக்கவில்லை. கேமராவைத் துணியில் சுற்றிவைத்தேன். யுத்தம் முடிந்து, இனி மறுபடி ஆரம்பிக்கலாம் என்று நீ எழுதிய கடிதத்துக்குப் பதில் போடுவதற்குள் விஷக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உயிரோடு இருந்தவரை படி ஏற விடாத அண்ணன், செத்ததும் வண்டி வைத்து ஊருக்கு எடுத்துப் போனார். நான் விழுப்புரத்திலிருந்து வந்தேன். உன் தெருமுனையில் நிறுத்தினார்கள்.

"இங்கியே நில்லு. பொணம் இப்பிடிதான் வரும்."

"நான் அவனோட சிநேகிதன்" என்றேன். நடந்தேன். ஒருவர் தோளைப் பிடித்தார். உதறிவிட்டு நடந்தேன். உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த உன் அம்மா என்னைப் பார்த்தார். போ என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. உன் பக்கத்தில் போய் நின்றேன். தூக்கும்வரை நின்றேன்.

இப்போது லோகோ ஷெட்டில் எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறோம். நாலு கேமரா, மாற்றி மாற்றி எடுக்கிறோம். பின்பக்கத்தில் "பேஷ்" என்று எழுதினால் அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருக்கிறேன். முதல் தலைப்பை என்னை வைக்கச் சொன்னார்கள். ‘தெரு’ என்று வைத்தேன். வரும் ஞாயிறு எட்டுப் பேரும் சேர்ந்து உன் தெருவுக்கு வருகிறோம். முனையில் நிற்கப்போவதில்லை.